அப்போது இல்லாதவருக்காக ஓர் ஓட்டு

கோவை, தென்காசி, யாழ்ப்பாணம், டொராண்டோ என்று நான்கு ஊர்களில் உட்கார்ந்துகொண்டு ஒரே பில்லிங் மென்பொருளை எழுதிக்கொண்டிருக்கும் நம் குழுவினர் அனைவருக்கும்,

இனிமேல் எந்தச் செயலியில் பேசிக்கொள்வது என்று வருகிற வெள்ளிக்கிழமை முடிவுசெய்யப் போகிறோம். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஸ்லாக், டீம்ஸ், டிஸ்கார்ட், கிளிக், மேட்டர்மோஸ்ட், ஜூலிப். அது போக, இப்போதிருக்கும் கைபேசிக் குழுவே (வாட்ஸ்அப்) போதும் என்று ஒரு தனிக்கட்சி. ஒவ்வொன்றுக்கும் நேராக வீடியோ கால் உண்டா, எமோஜி போடலாமா, ஸ்கிரீன் காட்டலாமா, கறுப்புப் பின்னணி வருமா என்று டிக் போட்டு அட்டவணை தயாரித்திருக்கிறீர்கள். உழைப்பு தெரிகிறது. ஆனால் அதில் ஒரு வரிசையைக் காணோம். பேச்சு நடந்தபோது அங்கே இல்லாத ஒருவர், மூன்று மாதம் கழித்து வந்து, என்ன முடிவானது, ஏன் அப்படி முடிவானது என்பதை யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடிக்க முடியுமா? இந்த வரிசையைச் சேர்த்துவிட்டால் மற்றவற்றில் பாதி தேவைப்படாது. இதைத்தான் இந்த மடலில் சொல்ல வருகிறேன்.

இதைக் குழுவுக்குள்ளேயே போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் மேலே போயிருக்கும். பொங்கல் வாழ்த்துக்கும் சர்வர் படுத்துவிட்ட செய்திக்கும் நடுவில் எங்கேயாவது கிடந்திருக்கும். தவிர, நம்மைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை பார்க்கும் குழுக்கள் இப்போது தமிழ்நாட்டில் எத்தனையோ. அவர்களுக்கும் பயன்படட்டுமே என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் கோடு எழுதுபவள் இல்லை. நீங்கள் எழுதியதைக் கடைக்காரருக்கு விளக்குபவள். 'ஏம்மா இப்படி வருது?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய இடம் என்னுடையது. அதனால் ஒரு மென்பொருளில் என்ன செய்தார்கள் என்பதைவிட ஏன் செய்தார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் தேவைப்படுகிறது. கோடைப் பார்த்தால் என்ன என்பது தெரிந்துவிடும். ஏன் என்பது பேச்சில் மட்டும்தான் இருக்கிறது.

செப்டம்பரை நினைவுபடுத்துகிறேன். 2025 செப்டம்பர் 3 இரவு, ஜிஎஸ்டி கவுன்சிலின் 56வது கூட்டம் முடிந்து அறிவிப்பு வந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் போகின்றன, 22ஆம் தேதி முதல் புது விகிதம். நம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஜவுளிக்கடைக்காரர்கள். ரெடிமேட் ஆடைக்கு, ஓர் உருப்படி 1,000 ரூபாய்வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது, 2,500 ரூபாய்வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆனது. நான்கு எண்களை மாற்றினால் வேலை முடிந்தது என்பதுதான் முதல் நாள் பேச்சு. அதில் ஒளிந்திருந்த பள்ளத்தைக் கண்டுபிடித்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி.

வரி உட்பட 2,800 ரூபாய் என்று விலைச்சீட்டு தொங்கும் ஒரு சுடிதாரை எடுத்துக்கொள்ளுங்கள். வரி 5 சதவீதம் என்று வைத்துப் பிரித்தால் அடிப்படை விலை 2,666 ரூபாய் சொச்சம் வரும். அது 2,500ஐத் தாண்டுகிறது, எனவே 18 போட வேண்டும். சரியென்று 18 வைத்துப் பிரித்தால் 2,372 ரூபாய் சொச்சம். இது 2,500க்குள் அடங்குகிறது, எனவே 5 போட வேண்டும். 2,625 ரூபாயைத் தாண்டியதிலிருந்து 2,950 வரை எந்த விலைச்சீட்டைக் கொடுத்தாலும் கணக்கு இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பழைய விகிதத்திலும் இந்தப் பள்ளம் இருந்ததுதான். அது 1,050க்கும் 1,120க்கும் நடுவில், 70 ரூபாய் அகலத்தில் கிடந்ததால் யார் காலும் இடறவில்லை. புதிய பள்ளம் 325 ரூபாய் அகலம். தீபாவளி சீசனில் கடைக்கு வரும் ரகங்களில் நிறைய அந்த விலையில்தான் தொங்குகின்றன.

இதை எப்படித் தீர்ப்பது என்று நடந்த விவாதம், நம் குழு நடத்தியவற்றில் ஆக நல்ல விவாதம் என்று நான் சொல்வேன். அந்த இடைவெளியில் விழுந்தால் 18 போட்டுவிடலாம், பின்னால் தகராறு வராது என்றார் ஒருவர். வாங்குகிறவர் தலையில் கூடுதல் வரியைக் கட்ட நாம் யார் என்று தென்காசி அக்கா கேட்டார். கடைசியில், மென்பொருள் ஊகிக்கவே வேண்டாம், அந்த விலைச்சீட்டு வந்தால் பில் போடுவதை நிறுத்தி, வரி சேராத விலையைக் கடைக்காரரிடமே கேட்க வேண்டும் என்று முடிவானது. சரியான முடிவு. ஆனால் விவாதத்தின் முதல் பாதி கைபேசிக் குழுவில் நடந்தது. நடுப்பகுதி சாயங்கால காலில். 'ஊகிக்க வேண்டாம்' என்ற காரணம் இரண்டு பேருக்கு நடுவில் தனி மெசேஜில், அதுவும் வாய்ஸ் நோட்டாக. டொராண்டோ அண்ணா விழித்தெழுந்து பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது '18 போட்டுடலாம்' என்ற மெசேஜும் அதன் கீழே வரிசையாக நின்ற கட்டைவிரல்களும்தான். எக்செல்லில் இருந்து விலைப்பட்டியல் ஏற்றும் பகுதி அவருடையது. அங்கே 18 என்று எழுதிவிட்டுப் போனார்.

ஜனவரியில் ஈரோட்டிலிருந்து ஒரு கடையின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். கையால் சேர்த்த உருப்படிக்கு மென்பொருள் விலை கேட்கிறது, எக்செல்லில் ஏற்றியதற்குக் கேட்காமல் 18 போடுகிறது, எது சரி என்றார். நியாயமான கேள்வி. எது முடிவு, எது தவறிப்போனது என்று எனக்கே தெரியவில்லை. தேடினேன், கேட்டேன், ஒவ்வொருவரும் அவரவர் கைபேசியில் தேடினீர்கள். கடைசியில் அந்த வாய்ஸ் நோட் ஒருவருடைய போனில் இருந்து வெளியே வந்தது. யார் மீதும் குறை சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். பேச்சுதான் மூன்று துண்டாகக் கிடந்தது, அதில் ஒரு துண்டு பூட்டிய பெட்டிக்குள்.

நம் நேரக்கணக்கும் இதற்கு ஒத்தாசை செய்வதில்லை. நம்முடைய இரவு ஏழரை, டொராண்டோவில் கோடையில் காலை பத்து, நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு ஒன்பது. எல்லாரும் ஒரே சமயத்தில் வேலையில் இருக்கும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தேறினால் பெரிது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்தச் செயலியும் போதும். மீதி இருபத்திரண்டு மணி நேரத்துக்குத்தான் செயலி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கணினியில் கூட்டமாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் புதிதல்ல. பின்லாந்தில் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988இல் ஐஆர்சியை எழுதினார். அதில் நீங்கள் உள்ளே இருந்தால் பேச்சு காதில் விழும், இல்லாவிட்டால் போனது போனதுதான். முப்பது ஆண்டு காலம் கட்டற்ற மென்பொருள் உலகம் பெரும்பாலும் அதில்தான் பேசியது. 2014இல் ஸ்லாக் பொதுவுக்கு வந்தபோது ஜனங்கள் அதன்மேல் விழுந்ததற்குப் பெரிய காரணம், பழைய பேச்சு அங்கேயே இருக்கும், தேடலாம் என்பது. தோற்றுப்போன ஒரு கணினி விளையாட்டுக் கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்குச் செய்த கருவி அது. விளையாட்டு போய்விட்டது, கருவி நின்றுவிட்டது. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கிய விலை, முந்தைய டிசம்பரில் அறிவித்தபடி, 2,770 கோடி டாலர்.

'தேடலாம்' என்ற அந்த வாக்கு இலவசக்காரர்களுக்கு எப்படித் தேய்ந்தது என்று பாருங்கள். முதலில் கடைசி 10,000 மெசேஜ்வரை பார்க்கலாம் என்றிருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து 90 நாள். 2024 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேற்பட்டதை அழித்தே விடுகிறார்கள். ஸ்லாக்குக்கு ஓட்டுக் கேட்பவர்கள் எல்லாருமே 'இலவசத் திட்டமே நமக்குத் தாராளம்' என்கிறீர்கள். நம் ஈரோட்டுக் கேள்வி செப்டம்பர் முடிவுக்கு ஜனவரியில் வந்தது. 90 நாள் கணக்கில் அது கதவைச் சாத்திய பிறகு வந்த விருந்தாளி.

காசு கட்டினால் தீருமா? பாதி தீரும். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு நிரலெழுதக் கற்றுத்தரும் ஹேக் கிளப் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 11 ஆண்டாக ஸ்லாக்கில் இருந்தது. ஆண்டுக்கு 5,000 டாலர் கட்டிவந்தார்கள். 2025 செப்டம்பரில், ஒரு வாரத்துக்குள் 50,000 டாலர், பிறகு ஆண்டுக்கு 2,00,000 டாலர், இல்லாவிட்டால் கதவடைப்பு என்று தாக்கீது வந்ததாக அவர்கள் வெளியில் எழுதினார்கள். ஊர் கூடிச் சத்தம் போட்டதும் கம்பெனி பின்வாங்கியது. அதே ஆண்டு ஜூனில் குபர்நெட்டிஸ் குழுவுக்கும் சலுகைத் திட்டத்தை எடுக்கிறோம் என்று ஓலை வந்து, பிறகு திரும்பியது. அவர்களுக்குச் சத்தம் போட ஊர் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்? நாம் எழுதினால் நம் மாமனார் லைக் போடுவார்.

ஸ்லாக் மோசம் என்பதல்ல நான் சொல்வது. வாடகை வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் இந்த நிலைமை வரலாம். அட்லாசியனின் ஹிப்சாட்டில் இருந்தவர்களிடம் 2018 ஜூலையில் கடையை மூடுகிறோம் என்றார்கள், அடுத்த பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். மெட்டாவின் வொர்க்பிளேஸ் மூடப்படும் என்று 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. ஸ்கைப் 2025 மே மாதம் போய்ச் சேர்ந்தது. ஆகவே அட்டவணையில் இரண்டாவதாக ஒரு வரிசையும் வேண்டும். கிளம்ப வேண்டிய நாள் வந்தால் எல்லாவற்றையும் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா? ஸ்லாக்கின் கீழ்த்தட்டுத் திட்டங்களில் பொதுச் சேனல்களை மட்டும்தான் நாமாக இறக்கிக்கொள்ள முடியும். டிஸ்கார்டில் சர்வர் முழுவதையும் இறக்கித் தரும் அதிகாரப்பூர்வ வழியே கிடையாது. டிஸ்கார்டின் குரல் அறை அருமையானது, அதை மறுக்கவில்லை. இராத்திரி ரிலீஸ் போடும்போது நாலு பேர் அதில் உட்கார்ந்திருப்பது நன்றாகத்தான் இருக்கும்.

மொஸில்லா இதே முடிவை எப்படி எடுத்தது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் செய்யும் அந்த அமைப்பு தொடக்க காலம் முதல் ஐஆர்சியில் இருந்தது. 2019 ஏப்ரலில் அதைக் கைவிடப் போவதாகச் சொன்னார்கள். காரணம், பழைய கருவி என்பது மட்டுமல்ல. அடையாளம் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதால் தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்க முடியவில்லை, புதிதாக வருபவர்களுக்கும் அது கரடுமுரடாக இருந்தது. மேட்டர்மோஸ்ட், ரயட் என்ற செயலியோடு மேட்ரிக்ஸ், ராக்கெட்.சாட், ஸ்லாக் என்று நான்கையும் எடுத்துக்கொண்டு, தன்னார்வலர்களையும் உள்ளே விட்டுப் பழகிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மேட்ரிக்ஸ் என்று முடிவு சொன்னார்கள். 2020 மார்ச்சில் ஐஆர்சியை மூடினார்கள். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கேட்ட கேள்விகள். பார்வையற்றவர் திரைவாசிப்பானை வைத்துப் பயன்படுத்த முடியுமா, தொல்லை கொடுப்பவரை வெளியேற்ற முடியுமா, வெளியாளும் ஊழியரும் ஒரே இடத்தில் பேச முடியுமா என்று, யார் வெளியே நின்றுவிடக்கூடும் என்பதில் இருந்து தொடங்கினார்கள். உங்கள் அட்டவணை உள்ளே இருப்பவர்களின் சௌகரியத்தில் இருந்து தொடங்குகிறது.

நான் ஜூலிப்புக்கு ஓட்டுப் போடப் போகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நம் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. கணக்கில் குறிப்பேடு ஒன்று, பேரேடு ஒன்று. குறிப்பேட்டில் நடந்தது எல்லாம் தேதி வரிசையில் விழும், பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம். மற்ற செயலிகளில் சேனல் என்பது குறிப்பேடு. 'பில்லிங்' என்று ஒரு சேனல் திறந்தால், வரிப் பேச்சும் பிரிண்டர் பேச்சும் லீவ் கேட்பதும் தேதி வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஸ்லாக்கில் 2017 முதல் த்ரெட் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் ஒரு மெசேஜுக்குக் கீழே யாராவது நினைத்தால்தான் அது முளைக்கும், அதற்குத் தலைப்பு இருக்காது, நினைக்காதவர் வெளியிலேயே பதில் போட்டுவிட்டுப் போவார். ஜூலிப் பேரேடு மாதிரி, சேனலுக்குள் எழுதும்போதே டாபிக் கொடுத்துத்தான் எழுதுவது வழக்கம். 'ரெடிமேட் 2500 எல்லை, வரி உட்பட விலை' என்று ஒரு டாபிக் இருந்திருந்தால், டொராண்டோ அண்ணா காலையில் எழுந்து அந்த ஒன்றை மட்டும் மேலிருந்து கீழ்வரை படித்திருப்பார். பிரிண்டர் டாபிக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

ஜூலிப் டெமோவில் நான் உட்கார்ந்து பார்த்த ஒரு சின்ன விஷயம். இரண்டு பேர் லீவ் டாபிக்கில் ஆரம்பித்து, பேச்சுவாக்கில் சர்வர் விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவர் அந்த மெசேஜ்களை மட்டும் பிடித்து வேறு டாபிக்குக்கு நகர்த்தினார். பழைய இடத்தில் இன்ன டாபிக்குக்குப் போயிருக்கிறது என்று ஒரு வரி நின்றது. விஷயம் முடிந்ததும் 'தீர்ந்தது' என்று குறித்தார், டாபிக் பெயருக்கு முன்னால் ஒரு டிக் விழுந்தது. இவ்வளவுதான். ஆனால் சப்போர்ட் மேசையில் இருப்பவளுக்கு அந்த டிக் என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. எது பேசிக்கொண்டிருக்கும் விஷயம், எது பேசி முடித்தது என்று போன் எடுத்த ஆளைக் காக்கவைக்காமல் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த டாபிக் ஏற்பாடு நேற்று முளைத்ததும் அல்ல. எம்ஐடியில் எண்பதுகளில் ஸெஃபிர் என்று ஒரு செய்தி முறை இருந்தது, அதில் வகுப்பு, அதற்குள் உட்பிரிவு என்று பிரித்து எழுதுவார்கள். அங்கே படித்தவர்கள் அந்தப் பழக்கத்தை எடுத்துவந்து 2012இல் ஜூலிப்பைத் தொடங்கினார்கள். 2014இல் டிராப்பாக்ஸ் வாங்கியது, 2015இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. இன்று அதில் கூடிப் பேசுபவர்களில் லீன் என்ற மொழியில் கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் குழுவும் ஒன்று. 2023 நவம்பரில் டெரன்ஸ் டாவும் மற்ற மூவரும் வெளியிட்ட ஒரு நிரூபணத்தை, பல நாட்டில் இருந்த கணிதக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டு சுமார் மூன்று வாரத்தில் லீனில் எழுதி முடித்தார்கள். பேச்சு ஜூலிப்பில் நடந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொரு நாட்டில் விழித்தவர் எடுத்துக்கொள்ளும் வேலை அது. நம் வேலையும் அதே மாதிரிதான், புகழ் மட்டும் கொஞ்சம் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். பார்க்க ஸ்லாக் அளவுக்குப் பளபளப்பு கிடையாது. டாபிக் வைத்து எழுதுவது முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், 'ஓகே' என்று ஒரு சொல் போடுவதற்கும் எந்த டாபிக் என்று யோசிக்க வேண்டும். அவர்களுடைய கிளவுடின் இலவசத் திட்டத்திலும் 10,000 மெசேஜ் எல்லை உண்டு, ஆகவே அங்கே இலவசம் என்று போனால் ஸ்லாக் கதைதான். நாமே சர்வரில் நிறுவிக்கொண்டால் எல்லை இல்லை. 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு சிறிய சர்வர் நமக்குப் போதும். கைபேசிக்கு வரும் நோட்டிஃபிகேஷன் மட்டும் அவர்கள் சேவை வழியாக வர வேண்டும், ஆள் கணக்கைப் பொறுத்து அதற்குக் காசு கேட்கலாம். அதைக் கட்டிவிடுவோம். பில்லிங் மென்பொருள் விற்று வயிறு கழுவுகிறவர்கள் அடுத்தவர் மென்பொருளுக்குக் காசு தர மூக்கால் அழக்கூடாது.

மேட்டர்மோஸ்டையும் நாமே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அது அமைப்பில் ஸ்லாக்கின் தம்பி, எனக்கு வேண்டிய டாபிக் அதில் இல்லை. டீம்ஸ், மைக்ரோசாஃப்ட்டின் மற்ற சாமான்கள் எல்லாம் வாங்கியிருக்கும் பெரிய ஆபீஸ்களுக்குப் பொருத்தம், நாம் அவற்றை வாங்கவில்லை. தென்காசிக்காரர்கள் கிளிக்குக்குப் போடுவீர்கள் என்று தெரியும். மத்தளம்பாறையில் ஜோஹோ ஆபீஸ் வந்து அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் ஊரிலேயே இருந்து வேலை பார்க்கிறார்கள் என்பதை நானும் பார்த்திருக்கிறேன், அந்தப் பாசம் நியாயம். கிளிக் நல்ல செயலி. ஆனால் அதன் அடித்தளமும் சேனல்தான், குறிப்பேடுதான். ஊர்ப்பாசத்துக்கு ஓட்டுப் போட வேண்டுமென்றால் அவர்களுடைய வேறு எதையாவது வாங்கிக்கொள்வோம்.

கைபேசிக் குழுவே போதும் என்ற கட்சிக்கு வருகிறேன். அதில் இருப்பவர்கள் நல்லவர்கள், பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டது நினைவிருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டிய அந்தக் கம்பெனிக்காரர்களின் உள்கருவிகளும் அதே கோளாறில் மாட்டிக்கொண்டன. ஆனால் இது என் முதல் காரணம் இல்லை, எந்தச் செயலியும் ஒருநாள் படுக்கும். என் காரணம் வேறு. கைபேசிக் குழுவில் சேர ஒவ்வொருவரும் சொந்த நம்பரைக் கொடுக்க வேண்டும். சப்போர்ட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் நம்பர் முதல் நாளே குழு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து டீலருக்கு, டீலரிடமிருந்து கடைக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு 'பில் பிரிண்ட் ஆகல மேடம்' என்று அவளுக்குத்தான் போன் வருகிறது. வேலையை விட்டுப் போகிறவர் பேச்சையும் போனோடு எடுத்துக்கொண்டு போகிறார். தங்கச்சி கல்யாண அழைப்பும் சர்வர் எச்சரிக்கையும் ஒரே மணியடித்து வந்தால், இரண்டையும் பார்க்காமல் விடுவதுதான் மனித இயல்பு.

தேடுவது பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இதை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் சொல்லாது, ஏனென்றால் அவற்றை எழுதுகிறவர்கள் நம்மைப் போலப் பேசுகிறவர்கள் அல்ல. நாம் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். தள்ளுபடி என்ற ஒரே சொல்லைக் கோவை ஒரு ஸ்பெல்லிங்கில் எழுதுகிறது, தென்காசி ஓர் எழுத்தைக் குறைத்து எழுதுகிறது, டொராண்டோ டிஸ்கவுண்ட் என்றே எழுதுகிறது, யாழ்ப்பாணத்துத் தம்பி மட்டும் ஒழுங்காகத் தமிழ் எழுத்தில் அடிக்கிறார். தமிழ் எழுத்திலேயே அடித்தாலும் 'தள்ளுபடி' என்று தேடினால் 'தள்ளுபடியில்' கிடைக்குமா என்பது செயலிக்குச் செயலி வேறு. ஜூலிப்பை நாமே நிறுவினால், பல மொழித் தேடலுக்காக பிஜிகுரூங்கா என்ற துணை நிரலைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. சேர்த்துக்கொள்வோம். ஆனால் ஆங்கில எழுத்துத் தமிழை எந்த நிரலும் கரைசேர்க்காது. அங்கே கைகொடுப்பது டாபிக்கின் பெயர்தான். உள்ளே யார் எந்த ஸ்பெல்லிங்கில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும், கதவில் ஒழுங்கான பெயர் மாட்டியிருந்தால் போதும். டாபிக் பெயரைத் தமிழ் எழுத்தில் வைப்போம் என்பது என் கோரிக்கை. வாய்ஸ் நோட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பியவரே கீழே இரண்டு வரி எழுதிவிட வேண்டும்.

செயலி மாறினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கிட்லாப் கம்பெனியில் ஸ்லாக் மெசேஜ்களை 90 நாளில் அழியும்படி தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். காசு இல்லாமல் அல்ல. முடிவை இஷ்யூவில் எழுது, சாட்டில் விட்டுவிடாதே என்று ஆட்களைப் பழக்குவதற்காக. நமக்கு அந்த அளவு கண்டிப்பு ஒத்துவராது, பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள். ஆனால் பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டாபிக்கில் டிக் விழுவதற்கு முன்னால், முடிவு இன்னது, காரணம் இன்னது என்று கடைசி மெசேஜாக ஒருவர் எழுத வேண்டும். அந்த டாபிக்கின் இணைப்பை டிக்கெட்டில் ஒட்ட வேண்டும். யார் எழுதுவது என்ற சண்டை வராமல் இருக்க, கேள்வியைத் தொடங்கியவரே எழுதட்டும். சாயங்கால காலில் முடிவானதும் இதில் அடக்கம். இருவர் தனியாகப் பேசிக்கொண்டதும் அடக்கம்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்துத் தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் கையில் மட்டும் சாவி இருக்கக்கூடாது, தென்காசி அக்காவிடமும் ஒன்று இருக்கட்டும். பேக்கப் ஒரே கட்டளையில் எடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, பேச்செல்லாம் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அதை பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்வேன். இதைக் கடைக்காரர்களுக்கு நாமே தினம் சொல்கிறோம். கைபேசிக் குழுவைக் கலைக்க வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, மழை, மின்வெட்டு எல்லாம் அங்கேயே நடக்கட்டும். அங்கே யாராவது வேலைக் கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்லாமல், அந்த டாபிக்கின் இணைப்பை மட்டும் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அவசர டாபிக் தவிர மற்றது எதுவும் யார் போனிலும் மணியடிக்காதபடி முதல் நாளே அமைத்துவிட வேண்டும், டொராண்டோவுக்கு அவர்கள் இரவு பத்து.

டொராண்டோ அண்ணா, எக்செல் பகுதியில் அந்த 18 இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஈரோட்டுக்காரர் திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவார்.

அன்புடன்,
கோவை சப்போர்ட் மேசையிலிருந்து உங்கள் அக்கா